ஸ்பிரிட் வாடை

ஏப்ரல் 27, சனி

ஆஸ்திரேலியா வந்து மூன்று நாள் ஆகிறது. மகள் காந்திமதி வீடு. அடிலெய்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைத் தோட்டம். மதுவிலக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உழைத்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவனுக்கு மகள் இப்படி ஒரு ஊரில் வந்து குடியிருப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் டைரி எழுதும் பழக்கம் விடவில்லை. சொர்ணம் உயிரோடு இருந்தவரை, "இப்ப யாரப் பிடிக்க எழுதுதீய?" என்று கேலி செய்வாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது.

காலை 6.50-க்கு லிங்கதுரை காரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மாப்பிள்ளை என்று எழுத இன்னும் கை வரவில்லை. எங்கே போகிறான் என்று காந்தியிடம் கேட்டேன்.

"காட்டுக்குப்பா. சனிக்கிழமை சனிக்கிழமை போவாரு."

"எதுக்கு?"

"சும்மா நடக்கத்தான்" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த தோசைக்கல்லை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். கேள்வி கேட்டதும் கைக்கு ஒரு வேலை தேடிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

11.40-க்குத் திரும்பினான். பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தான். நேற்று மழை, ஊரெல்லாம் சேறு. ஆனால் அந்தப் பூட்ஸின் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினாற்போல் இருந்தது. நாலே முக்கால் மணி நேரம் காட்டில் நடந்தவனின் பூட்ஸா இது? அவன் குளிக்கப் போனதும் குனிந்து எடுத்து மோந்து பார்த்தேன்.

ஸ்பிரிட். சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

குளிர். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன். காந்தி மருந்துக் கடை வேலைக்கு எட்டு மணிக்கே போய்விடுகிறாள். கொல்லையில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாள். இந்தக் குளிரில் அதைக் காப்பாற்ற அவள் படுகிற பாடு கொஞ்சமில்லை. சாயங்காலம் ஆனால் சாக்கு போட்டு மூடுகிறாள். காலையில் சாக்கை எடுப்பது என் வேலை.

லிங்கதுரை பழச்சாறு ஆலையில் வேலை பார்ப்பதாகக் காந்தி சொல்லியிருந்தாள். இன்று சாப்பிடும்போது அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் கருநீலம். சாறு பிழிவது மிஷின் என்றால் விரல் ஏன் கறுக்கிறது?

இங்கே ஒன்றைக் குறித்து வைக்கிறேன். இவர்கள் கல்யாணம் நடந்து ஏழு வருடம். நான் போகவில்லை, அதன் பிறகு மகளோடு பேசவும் இல்லை. லிங்கதுரையின் அப்பா சுயம்பு ஒரு பனையேறி. அவர் பேரில் என் சரகத்தில் பழைய கள் வழக்கு ஒன்று உண்டு. அப்படிப்பட்ட குடும்பம் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. வழக்கின் விவரம் இங்கே தேவையில்லை.

சொர்ணம் போன பிறகு நான் தனி. இந்த வருடம் காந்திதான் முதலில் போன் செய்தாள். மூன்று மாதம் வந்து இருங்கள், ஒத்துவந்தால் அடுத்த வருடம் நிரந்தரமாகவே வந்துவிடலாம் என்றாள். ஊரில் எனக்குப் பேச்சுத் துணை டிவிதான். அதனால் வந்தேன். ஆனால் டிக்கெட் போட்டு அனுப்பச் சொன்னது லிங்கதுரையாம். ஏழு வருடம் அவன் முகத்தைப் பார்க்காத மாமனாருக்கு அவன் எதற்கு டிக்கெட் போடுகிறான்?

மே 1, புதன்

காலை நடைக்குப் போனேன். ஒரு தோட்டத்தில் வேலி இல்லை, ஒரு போர்டு மட்டும் இருந்தது. கண்ணாடி எடுத்துப் போகவில்லை. கொடிகளில் இலை செம்பழுப்பாக மாறியிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று வரிசைக்குள் நாலு எட்டு வைத்தேன். நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரி வேகமாக வந்து நின்று, என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே என் செருப்பைக் காட்டினாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

நம் ஊரில் ஒருத்தன் செருப்பைக் கையால் காட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் திரும்பி வந்துவிட்டேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகவே போட்டுக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்தில் மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

மே 4, சனி

நேற்று ஒரு காரியம் செய்தேன். இருவரும் வேலைக்குப் போன பிறகு, லிங்கதுரையின் பூட்ஸ் அடியில், குதிகால் இடுக்கில், செம்மண்ணைக் குழைத்து விரலால் அப்பினேன். காய்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சாதாரணமாக நடந்தால் அது போகாது.

காலை 6.45-க்குப் புறப்பாடு. 11.55-க்குத் திரும்பினான். செம்மண் இல்லை. காட்டு மண்ணும் இல்லை. வாடை மட்டும் இருந்தது.

ஒரு மனிதன் மெனக்கெட்டு பூட்ஸின் அடியைக் கழுவுகிறான் என்றால் போன இடத்தின் மண் வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறான். இதற்கு வேறு அர்த்தம் இருந்தால் யாராவது சொல்லட்டும்.

மே 6, திங்கள்

குட்டு உடைந்தது. லிங்கதுரை துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அடையாள அட்டை. ஒயின் கம்பெனி. பழச்சாறு ஆலையாம்!

சாயங்காலம் காந்தி வந்ததும் அட்டையை மேஜைமேல் வைத்தேன். வைத்த விதம் சரியில்லைதான். ஸ்டேஷனில் தடயத்தை வைக்கிற மாதிரி வைத்துவிட்டேன்.

"பொய் சொல்லச் சொன்னதே நான்தான்" என்றாள். "அவரு முடியாதுன்னாரு. வந்ததும் வராததுமா சண்டை வேண்டாமேன்னு நான்தான் சொன்னேன். இங்க அது விவசாயம்ப்பா. நெல்லு வெளையுத மாதிரி."

"குடிக்கானா?"

அவள் முகம் சொர்ணத்தின் முகம் மாதிரி ஆனது. கோபம் வந்தால் சொர்ணமும் குரலைத் தாழ்த்திவிடுவாள்.

"அவரு ருசி பாத்துத் துப்புற ஆளு. ஏழு வருசத்துல ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சு நான் பாத்ததில்ல. அப்பா, ஒன்னு சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே ஒரு தடவ அவர அக்யூஸ்ட் மாதிரி நடத்துனீங்கன்னா அன்னைக்கே டிக்கெட்ட மாத்திருவேன். அதுக்கப்புறம் நீங்க போன் பண்ணுனா எடுக்கவே மாட்டேன். சத்தியமா."

அவள் சொன்னால் செய்வாள். ஏழு வருடம் செய்து காட்டியவள்தானே.

மே 7, செவ்வாய்

ரசம் வைத்தேன், மிச்சமாகிவிட்டது.

மே 9, வியாழன்

இனி இந்த விஷயத்தில் தலையிடுவதில்லை என்றுதான் இருந்தேன். துடைப்பம் தேடிக் கார் ஷெட்டுக்குள் போனேன். மூலையில் சாக்குக்குப் பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் கேன், ஐந்து லிட்டர், நிறைய இருந்தது. லேபிளை இரண்டு தடவை படித்தேன். மெத்திலேட்டட் ஸ்பிரிட். மூடியைத் திறந்ததும் நெஞ்சில் அடித்தது.

இதைச் சாராயத்தில் கலந்து விற்றவர்களை நான் பிடித்திருக்கிறேன். குடித்தவர்களை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறேன். கண் தெரியவில்லை சார், விளக்கைப் போடுங்கள் சார் என்று பட்டப்பகலில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையின் ஈரம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆக, குடிப்பதல்ல விஷயம். அதைவிடப் பெரிது. சனிக்கிழமை, காடு, ஸ்பிரிட். காட்டுக்குள் அடுப்பு போடாத சாராயக்காரன் எவன்? நான் பிடித்தது பாதிக்குமேல் காட்டுக்குள்தான்.

காந்தியிடம் சொன்னால் டிக்கெட். சொல்லாவிட்டால் ஒருநாள் போலீஸ் வந்து கதவைத் தட்டும், அவள் வாழ்க்கையே போகும். ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும்?

மே 10, வெள்ளி

காலை 10.15. கேனில் கால் பங்கை விட்டுவிட்டு மீதியைக் கொட்டி அழித்தேன். குழாய்த் தண்ணீரை அதே அளவுக்கு நிரப்பினேன். வாடை இருக்கும், வீரியம் இருக்காது. திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கேனைப் பழைய இடத்தில், லேபிள் சுவரைப் பார்த்தபடி வைத்தேன்.

சர்வீஸில் இருந்தபோது ஒரு ரெய்டு முடிந்து வந்தால் உடம்பு லேசாக இருக்கும். இன்று அப்படி இருந்தது.

மே 11, சனி

கேனைக் காரில் ஏற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நன்றாகப் போகட்டும். மழை தூறிக்கொண்டே இருந்தது. அவன் திரும்பி வந்தபோது கேன் பாதி காலியாக இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தேர்ந்த ஆள்.

மே 14, செவ்வாய்

கறிவேப்பிலைச் செடியில் இலை சுருள்கிறது. காந்தி கவலையாக இருக்கிறாள். சாக்கு போட்டது போதவில்லையோ என்று என்னைக் கேட்டாள். ஏதோ நோயாக இருக்கும் என்றேன்.

மே 16, வியாழன்

சாப்பிடும்போது லிங்கதுரை தானாகவே பேசினான்.

"மாமா, சனிக்கிழம நீங்களும் வாரீயளா? காட்டப் பாத்துட்டு வரலாம்."

காந்தி என்னைப் பார்த்தாள். வருகிறேன் என்றேன். சம்பவ இடத்துக்கு எதிரியே கூட்டிப் போகிறேன் என்கிறான். எதையாவது ஒளித்து மறைத்துவிட்டுத்தான் கூப்பிடுவான். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் விடுவதாக இல்லை.

மே 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை 7.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். திராட்சைத் தோட்டங்கள் முடிந்து, மண் ரோடு ஏறி, ஒரு இரும்பு கேட். உள்ளே தைல மரங்களாக நிற்கிறது. அரசாங்கக் காப்புக்காடு. கேட்டுக்கு இப்பால் ஒரு கம்பித் தட்டு, அதன்மேல் பிரஷ்கள், பக்கத்தில் இரண்டு ஸ்பிரே பாட்டில். லிங்கதுரை காட்டுத் தொண்டர்களுக்கான பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டான். கேனிலிருந்து பாட்டில்களில் ஊற்றினான். பிறகு பிரஷ்ஷை எடுத்து தன் பூட்ஸின் அடியைத் தேய்த்தான். ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்துவிட்டு, பாட்டிலை எடுத்து அடித்தான்.

"நீங்களும் தேச்சுக்கோங்க மாமா. இல்லாம உள்ள விடக்கூடாது. போகும்போதும் தேய்க்கணும், வரும்போதும் தேய்க்கணும்."

"எதுக்கு இது?"

"வேர் அழுகல் நோய். கண்ணுக்குத் தெரியாது, மண்ணுலதான் இருக்கும். செருப்புல ஒட்டி வரும். ஈர நேரத்துல ஒரு சிட்டிகை மண்ணு போதும். தோட்டத்துக்காரங்களும் செருப்புக்குப் பயப்படுவாங்க, அது வேற, திராட்ச வேரத் தின்னுத பூச்சி. இங்க யாரும் பக்கத்துத் தோட்டத்துக்குள்ள வெளிய நடந்த செருப்போட கால் வைக்க மாட்டாங்க. கம்பெனியிலேர்ந்து நாங்க நாலஞ்சு பேரு ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சு இந்த கேட்டப் பாத்துக்கிடுதோம், சனிக்கிழம எனக்கு. கம்பெனி பேரு வரக்கூடாதுன்னுதான் காந்தி ஒங்ககிட்ட நடக்கப் போறதா சொன்னா."

நான் குனிந்து தேய்த்தேன். முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

உள்ளே கூட்டிப் போனான். ஒரு கங்காரு நின்று என்னையே உற்றுப் பார்த்தது. அதற்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு சரிவு. கறுத்த தடித்த தண்டும், உச்சியில் ஒரு கட்டுப் புல்லைக் கவிழ்த்த மாதிரி தலையுமாக மரங்கள். புல் மரம் என்றான். வருடத்துக்கு ஒரு விரல்கடை வளர்ந்தால் பெரிதாம். என் இடுப்பு உயரத்துக்கு ஒன்று நின்றது, நூறு வயதாவது இருக்கும் என்றான். அதற்கு அப்பால் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது எல்லாமே பழுப்பு. தலை சரிந்து, தண்டு உளுத்து, ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"ஆறு வருசத்துக்கு முன்னால எவனோ கழுவாத பூட்ஸோட வந்திருக்கான். வந்துட்டா மருந்து கிடையாது. நாங்க இப்பக் காப்பாத்தப் பாக்குதது மிச்சத்தைத்தான்."

கேட்டுக்குத் திரும்பினோம். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு தம்பதி. நாலு பேர் கொண்ட குடும்பம். எல்லோரும் வரிசையில் நின்று ஒழுங்காகத் தேய்த்து, ஒழுங்காக அடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கல்மேல் உட்கார்ந்து எண்ணினேன். வாயைத் திறந்தால் காந்தி டிக்கெட் போடுவாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? காடு சாவதற்கு வருடக்கணக்கில் ஆகும். நான் அப்போது எங்கே இருக்கப் போகிறேன்?

பதினோரு பேர் போகிறவரை நான் சும்மா இருந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், பதினோரு பேர்.

பன்னிரண்டாவதாக வந்தது அந்த மோட்டார் சைக்கிள் வெள்ளைக்காரி. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். என் காலைக் காட்டி, லிங்கதுரையிடம் ஏதோ கேட்டாள். "சுத்தமா இருக்கான்னு கேக்காங்க" என்றான். அவள் ஒரு காலைத் தூக்கிக் கம்பியில் வைத்து, குச்சியால் இடுக்கை நோண்டி, சிரத்தையாகத் தேய்த்தாள். அப்புறம் பாட்டிலை எடுத்து, என் தண்ணீரை அடித்தாள்.

"லிங்கதுரை, கேட்ட மூடு" என்றேன்.

"என்ன மாமா?"

"அதுல இருக்கது ஸ்பிரிட்டு இல்ல. முக்காவாசி தண்ணி. போன வாரம் வெள்ளிக்கிழம நான்தான் கொட்டுனேன். நீ சாராயம் காச்சுதியோன்னு நெனச்சுட்டேன்."

அவன் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தான். கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டான். யாருக்கோ போன் செய்தான். உள்ளே போனவர்களை ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டி வந்தான். அரை மணி நேரத்தில் வனத்துறைப் பெண் அதிகாரி வந்தாள். ஒரு வாரமாக உள்ளே போனவர்களை வாசல் பதிவேட்டில் எண்ணினார்கள். நூற்று நாற்பத்து மூன்று. பாதையை மூட வேண்டும், மண்ணைச் சோதிக்க வேண்டும், உறுதியாகத் தெரிய மாதக்கணக்காகலாம் என்றாள். யார் செய்தது என்று அவள் கேட்டது எனக்கே புரிந்தது. லிங்கதுரை சொன்ன பதிலும் புரிந்தது. என் வீட்டில் நடந்த தவறு, பொறுப்பு என்னுடையது என்றான். பச்சை மேல்சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் கொடுத்தான்.

திரும்பும் வழியில், காரில்:

"கொட்டுறதுக்கு முன்னால மோந்து பாத்தீயளா மாமா?"

"பாத்தேன்."

"ஸ்பிரிட்டுன்னு திட்டமாத் தெரிஞ்சுதா?"

"முப்பத்தோரு வருசம் மோந்த மூக்குல்லா."

மண் ரோடு முடிந்து தார் ரோட்டில் ஏறினான்.

"எங்க அய்யா பானையவும் மோந்து பாத்தீயள்லா. அதுல என்ன வாடை இருந்துச்சு?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அது பதநீதான், புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவி இருந்துச்சு, ஏட்டய்யா மோந்து பாத்தாரு, அவருக்குத் தெரியும்னு அய்யா இன்னைக்கு வரைக்கும் சொல்லுதாரு. ஆனா கோர்ட்டுல கள்ளுன்னு ஒத்துக்கிட்டாரு. எங்கம்மா கோர்ட்டுல சொன்னதத்தான் நம்புதா. அவ அப்பா குடிச்சே செத்த மனுசன். அந்தக் கேஸ் அன்னையிலேர்ந்து அம்மா, அய்யா எறக்குன பதநீய ஒரு வாய் குடிச்சதில்ல. எனக்கு யார நம்பணும்னு தெரியல மாமா. ஒங்களுக்கு டிக்கெட் போட்டதே இத ஒரு தடவ கேக்கத்தான்."

ஞாபகம் இல்லை என்றேன்.

"சரி" என்றான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இன்னைக்கு நடந்தத காந்திகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீய."

மே 19, ஞாயிறு

விசேஷம் ஒன்றுமில்லை. துணி மடித்தேன்.

மே 20, திங்கள்

கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனது. காந்தி அதைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். "என்னமோ ஊத்துன மாதிரி இருக்கேப்பா" என்றாள். எல்லா மண்ணையும் விட்டுவிட்டு அந்தத் தொட்டியில் போய் ஏன் கொட்டினேன்? சுவர் ஓரமாக, யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது, அதுதான்.

மே 21, செவ்வாய்

தூக்கம் சரியில்லை.

மே 22, புதன்

வாக்குமூலம்.

1998 மே மாதக் கடைசி. அப்போது நான் ஏட்டு. அந்த மாதக் கணக்குக்கு இரண்டு கள் வழக்கு குறைந்தது. ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்காகக் காலையில் பனங்காட்டுப் பக்கம் போனேன். சுயம்பு ஒரு பானையோடு வந்தார். நிறுத்தினேன். பானைக்குள் முகத்தை வைத்து மோந்தேன். சுண்ணாம்பு வாடை, இனிப்பு வாடை. பதநீர். புளிப்பு துளிக்கூட இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"புளித்த கள் வாடை வீசியது" என்று எழுதினேன். பானையை உடைத்தேன்.

மற்றவர்கள் அன்றே ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மாட்டேன் என்றார். பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தார். பனை பாளை விடுகிற பருவம், ஏறாமல் விட்டால் வருடமே போய்விடும். பதினாறாம் நாள் கோர்ட்டில் கள்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் காந்தி வந்து லிங்கதுரையின் அப்பா பெயரைச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாடைதான். அந்தக் குடும்பத்தோடு ஒரு பந்தியில் உட்கார என்னால் முடியாது. அதை அவர்கள் குற்றமாக மாற்றிச் சொன்னேன். மகளிடம் ஏழு வருடம் பேசாமல் இருந்ததும் வைராக்கியம் என்று ஊருக்குச் சொன்னேன். பயம்.

மேற்கண்டது நானே எழுதியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மே 23, வியாழன்

சாயங்காலம் இந்த டைரியைக் காந்தியிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படி என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்து படித்தாள். ஸ்பிரிட் கொட்டிய பக்கத்தில் ஒரு தடவை நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தாள். முடித்ததும் லிங்கதுரையிடம் கொடுத்தாள். அவன் கடைசிப் பக்கத்தை மட்டும் நின்றுகொண்டே படித்தான். அப்புறம் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். வெகு நேரம் விளக்கு போடாமல் இருந்தான்.

மே 24, வெள்ளி

"நான் சொன்னது சொன்னதுதான்ப்பா" என்றாள் காந்தி. "டிக்கெட் மாத்தியாச்சு. வியாழக்கிழம."

சரி என்றேன். அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"நேரா வீட்டுக்குப் போகாதீங்க. மொதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க. இந்தக் கடைசிப் பக்கத்த அத்தைகிட்ட ஒங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"எடுப்பியா?"

"மொதல்ல சொல்லுங்க."

மே 29, புதன்

பெட்டி கட்டினேன். லிங்கதுரை என் செருப்பை எடுத்துப் போய் அடியைத் தேய்த்துக் கழுவி வந்து பெட்டியில் வைத்தான். மண் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. கேட் பூட்டியே இருக்கிறதாம்.

ஜூன் 1, சனி

காலை 9.40-க்கு, பெட்டியும் கையுமாக நேராகச் சுயம்பு வீட்டுக்குப் போனேன். எழுபத்து நாலு வயது. இன்னும் நாலு பனை ஏறுகிறார். அப்போதுதான் இறக்கியிருந்தார், பானை பக்கத்தில் இருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொன்னேன்.

"தெரியும். இரும்" என்றார்.

பனையோலைப் பட்டை ஒன்றை மடித்து, பானையிலிருந்து ஊற்றி, என் கையில் கொடுத்தார். நான் வாய்க்குக் கொண்டு போனேன்.

"குடிக்காதேயும். மோந்து பாத்துட்டுச் சொல்லும்."

மோந்தேன்.

"சுண்ணாம்பு வாடை. பதநீ."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் இதே வாடைதான். எனக்கு அப்பமே தெரியும். தெரிஞ்சேதான் பொய் எழுதுனேன்."

அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. தலையை மட்டும் மனைவி இருந்த பக்கம் அசைத்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. அந்தா இருக்காள்லா, அவகிட்டச் சொல்லும்."

எழுந்து போய் அந்த அம்மாள் முன்னால் நின்று மறுபடியும் சொன்னேன். பானை, சுண்ணாம்பு, மாதக் கணக்கு, நான் எழுதிய வரி, பதினைந்து நாள், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஓலை கிழிப்பதை நிறுத்தவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சொல்லி முடித்தும் நின்றுகொண்டே இருந்தேன். கையிலிருந்த ஓலை முழுவதும் கிழிந்து முடிந்தது. அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தானே ஒரு பட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப்போய், புருஷன் முன்னால் நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

சுயம்பு பானையைத் தூக்கினார். பாதி கீழே சிந்தியது. அந்த அம்மாள் ஒரு கையால் பானையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

காலை 10.30. தெருவுக்கு வந்து காந்திக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

"சொல்லிட்டேம்மா" என்றேன். "போனை மாப்பிள்ளைகிட்டக் கொடு."